காரின் கீழே படுக்காமல் எஞ்சின் ஆயில் மாற்றம்: சத்துவாச்சாரியில் ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி, 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட ஒரு சிறிய கார். உரிமையாளர் வேலூர் சத்துவாச்சாரியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் என்பதால் தரையில் உட்காரவோ படுக்கவோ அவரால் முடியாது. காட்பாடி ரயில் நிலையம், காய்கறிச் சந்தை, கிருத்திகைக்கு ரத்தினகிரி, எப்போதாவது திருப்பதி என்று அவருடைய ஓட்டம் பெரும்பாலும் குறுகிய தூரத்திலேயே அடங்கிவிடும். தொழிற்பயிற்சி நிலையத்தில் வாகனப் பிரிவு மாணவர்களுக்குக் கற்பிப்பவன் என்ற முறையில் அவர் என்னை அணுகினார். பள்ளிக் காலத்தில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே.

அவருடைய சிக்கல் கீழே படுக்க முடியாதது மட்டுமன்று. முந்தைய சர்வீஸின்போது ஒரு பணிமனையில், ஆயிலை இறக்குவதற்காக எஞ்சினின் அடியில் இருக்கும் டிரெயின் நட்டை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தார்கள். பழைய வாஷரையே மறுபடியும் போட்டிருந்தார்கள். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கி நிற்கும், அலுமினியத்தால் ஆன ஆயில் சேம்பரில் மரை பாதி தேய்ந்துவிட்ட நிலையில், நட்டைச் சுற்றி ஆயில் வேர்த்தாற்போல் கசிந்து, தூசியோடு சேர்ந்து கறுப்பாகப் படிந்திருந்தது. சொட்டுச் சொட்டாக ஒழுகும் அளவுக்கு இன்னும் போகவில்லை. ஆனால் அந்த நட்டை மறுபடி கழற்றி மாட்டினால் எஞ்சியிருக்கும் மரையும் போய்விடக்கூடும் என்ற அச்சம் நியாயமானதே. "தம்பி, என்னால குனியவும் முடியாது, வேற யாரும் அந்த நட்டத் தொடுறதுக்கு மனசும் வரல. மேலிருந்தே ஆயில எடுக்க வழி இருக்கா?" என்று கேட்டார். "வழி இருக்கு சார், ஆனா உங்க எஞ்சினுக்கு ஒத்துவருமான்னு முதல்ல பார்க்கணும்" என்றேன்.

வழி புதியதன்று. படகுகளின் உட்புறத்தில் பொருத்தப்படும் எஞ்சின்களுக்குக் கீழே கை நுழையக்கூட இடம் இருக்காது. அவற்றில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக் செருகியிருக்கும் குழாய் வழியாகப் பம்ப் வைத்து ஆயிலை உறிஞ்சி எடுப்பதே வழக்கம். 1998-இல் ஐரோப்பாவில் வந்த முதல் தலைமுறை ஸ்மார்ட் காரின் சேம்பரில் டிரெயின் நட்டே கிடையாது. மேலிருந்து உறிஞ்சுவதை மனத்தில் வைத்தே அதை வடிவமைத்தார்கள். ஆகவே, 'மேலிருந்து எடுப்பது அரைகுறை வேலை' என்று பணிமனைகளில் சொல்லப்படுவதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அதே நேரம், எல்லா எஞ்சினுக்கும் இது பொருந்தும் என்று சொல்லிவிடவும் முடியாது. உறிஞ்சும் குழாயின் நுனி சேம்பரின் அடியைத் தொட வேண்டும், ஆயில் பில்டர் மேலிருந்து கைக்கு எட்ட வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் இந்த முறையைக் கைவிட்டுவிடுவதே நல்லது.

ஆசிரியரின் காரில் பில்டர் எஞ்சினின் முன்பக்கத்தில், ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருந்தது. நேராகக் கை போகவில்லை. ஆனால் பில்டரின் தலையில் தொப்பி போலக் கவிழும் பில்டர் ஸ்பேனரையும் நீளமான எக்ஸ்டென்ஷன் கம்பியையும் மேலிருந்து இறக்கினால் பிடி கிடைத்தது. வேலையைத் தொடங்குவதற்கு முன்பே, எஞ்சின் முற்றிலும் ஆறியிருந்த நேரத்தில், ஸ்பேனர் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்து உறுதிசெய்துகொண்டோம். ஆயிலை எடுத்த பிறகு பில்டரைக் கழற்ற முடியவில்லை என்று தெரியவந்தால் வண்டியை நகர்த்தவும் முடியாது.

காரை உயர்த்துவதைப் பற்றி

வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே உரியது. அதன் மேல் நிற்கும் காருக்கு அடியில் தலையையோ மார்பையோ கொண்டுபோவது உயிரைப் பணயம் வைப்பதாகும். முறையான ஸ்டாண்டு வைத்தாலும் தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். சத்துவாச்சாரியின் பல தெருக்கள் மலையடிவாரத்தை ஒட்டிச் சரிவாக ஏறுகின்றன. வீட்டு வாசலில் சரிவில் நிறுத்திய காரை உயர்த்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், வீட்டில் ஆயில் மாற்ற ஆசைப்படும் இளைஞர்கள் பலர் இரண்டு செங்கல்லை அடுக்கி வேலையை முடித்துவிடலாம் என்று நினைப்பதை நான் வகுப்பில் தொடர்ந்து கேட்டுவருகிறேன். மேலிருந்து எடுக்கும் முறையின் மிகப் பெரிய பயன் நேரமோ பணமோ அன்று. சக்கரம் நான்கும் தரையில் இருக்கின்றன என்பதே.

ஆயிலை வெளியே எடுத்தல்

சந்தையில் இரண்டு வகைப் பம்புகள் கிடைக்கின்றன. ஒன்று, காரின் பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் சிறு மோட்டார் பம்ப். மற்றொன்று, கையால் இழுத்து அடித்துக் கலனுக்குள் வெற்றிடம் உண்டாக்கும் வாக்குவம் பம்ப். நாங்கள் இரண்டாவதைப் பயன்படுத்தினோம். மோட்டார் பம்ப் விரைவில் சூடேறிவிடும். ஆயில் கெட்டியாக இருந்தால் திணறும். கைப் பம்பில் அந்தத் தொல்லை இல்லை என்பதோடு, கலனிலேயே அளவுக் கோடுகள் இருப்பதால் எவ்வளவு வந்தது என்பது கண்ணுக்குத் தெரியும். இந்த அளவுதான் முழு வேலைக்கும் ஆதாரம் என்பதை இனிவரும் பகுதி காட்டும்.

எந்த வாக்குவம் பம்பானாலும் ஆயிலைத் தள்ளி மேலேற்றுவது வெளிக்காற்றின் அழுத்தமே. அது ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் போக முடியாது. ஆகவே வேகம் இரண்டு காரணங்களைப் பொறுத்து அமைகிறது. ஒன்று ஆயிலின் பிசுபிசுப்பு. 5டபிள்யூ-30 வகை ஆயில் 40 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 60 சென்டிஸ்டோக்ஸ் (பிசுபிசுப்பை அளக்கும் அலகு) அளவுக்குக் கெட்டியாக இருக்கும்; 100 டிகிரியில் அதுவே பத்தை ஒட்டிய அளவுக்கு இளகிவிடும். மற்றொன்று குழாயின் உள்விட்டம். மெல்லிய குழாயில் பாயும் திரவத்தின் அளவு, ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது, 3 மி.மீ. உள்விட்டக் குழாய்க்குப் பதிலாக 4 மி.மீ. குழாயைப் போட்டால் அதே அழுத்தத்தில் மூன்று மடங்குக்கும் சற்று அதிகமாக ஆயில் வரும். டிப்ஸ்டிக் துளையில் நுழையக்கூடியவற்றுள் மிகப் பருமனான குழாயைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதனால்தான். இந்தக் கணக்கை ஆசிரியர் தாமே ஒரு தாளில் போட்டுப் பார்த்து, தலையை அசைத்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்கு விட்டார்.

எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு ஆயிலைச் சூடாக்கினோம். வேலூர்க் கோடையில் காலை பத்து மணிக்கே பானட் தொட முடியாத சூட்டில் இருப்பதால் அதிக நேரம் தேவைப்படவில்லை. ஐம்பது, அறுபது டிகிரி இருந்தால் போதும். நெடுந்தூரம் ஓட்டிவந்த கையோடு உறிஞ்சினால் பிளாஸ்டிக் குழாய் இளகித் தட்டையாகி ஒட்டிக்கொள்ளும். கை சுடும் ஆபத்தும் உண்டு. எஞ்சினை நிறுத்திச் சிறிது நேரம் காத்திருந்து, மேலே ஏறிய ஆயில் சேம்பருக்கு இறங்கிய பின், போர்ட்டிகோவின் சமதளத்தில் டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு அளவு பார்த்தோம். மேற்குறிக்குக் கீழே, இரண்டு குறிகளுக்கு இடைப்பட்ட தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இந்த எஞ்சினில் அந்த இடைவெளி ஏறத்தாழ ஒரு லிட்டரைக் குறிக்கும். கையேட்டின்படி பில்டரோடு மொத்தக் கொள்ளளவு 3.1 லிட்டர். எனில் உள்ளே இருந்தது சுமார் 2.9 லிட்டர். இந்த எண்ணைத் தாளில் எழுதிவைத்த பிறகே குழாயைக் கையில் எடுத்தோம்.

டிப்ஸ்டிக்கை உருவுவதற்கு முன் அதன் வாயைச் சுற்றியிருந்த புழுதியை ஈரத்துணியால் துடைத்தோம். மழை இல்லாத மாதங்களில் பானட்டுக்குள் படியும் செம்மண் தூசி குழாய் வழியே உள்ளே விழுந்தால் அது நேராக ஆயிலில்தான் போய்ச் சேரும். பிறகு டிப்ஸ்டிக்கையும் உறிஞ்சு குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிவைத்து, டிப்ஸ்டிக்கின் நீளத்தைவிடச் சற்றுக் கூடுதலாக ஓர் இடத்தில் டேப் ஒட்டி அடையாளம் வைத்தோம். டிப்ஸ்டிக்கின் நுனி சேம்பரின் அடியைத் தொடுவதில்லை. குழாய் தொட வேண்டும்.

குழாயை இறக்கும்போது விரல் நுனியில் கிடைக்கும் உணர்வைக் கவனிக்க வேண்டும். முதலில் வழுக்கிக்கொண்டே போகும், ஓரிடத்தில் மெல்லிய தடை தெரியும், அதுதான் அடித்தளம். அதற்கு மேலும் தள்ளினால் குழாய் உள்ளே வளைந்து நுனி மேல்நோக்கித் திரும்பிவிடும். வெளியே நிற்பவருக்கு நிறைய இறங்கிவிட்டது போலத் தோன்றும். நுனியோ ஆயிலுக்கு மேலே காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

எங்கள் வேலையில் நடந்ததும் ஏறத்தாழ இதுவே. ஆயில் நிரப்பும் மூடியைத் தளர்த்திவைத்துப் பம்பை அடித்தவுடன் கறுப்பு ஆயில் குழாயில் சீராக ஏறியது. கலனில் 2.1 லிட்டர் கோட்டைத் தொட்டபோது கொளகொள என்ற சத்தம் கேட்டது. குழாயில் ஆயிலுக்கு நடுவே காற்றுக் குமிழ்கள் ஓடத் தொடங்கின. வழக்கமாக இந்த இடத்தில்தான் 'முடிந்துவிட்டது' என்று குழாயை உருவிவிடுவார்கள். ஆனால் தாளில் 2.9 என்று எழுதியிருந்ததே. பில்டருக்குள் சுமார் 0.2 லிட்டர் நிற்கும் என்று கழித்தாலும் சேம்பரில் இன்னும் ஏறத்தாழ 0.6 லிட்டர் இருந்தாக வேண்டும். குழாயை இரண்டு விரற்கடை மேலே இழுத்து, அதன் இயல்பான வளைவு வேறு பக்கம் திரும்பும்படி அரைச் சுற்றுச் சுழற்றி, மறுபடி மெல்ல இறக்கியபோது ஆயில் வரத் தொடங்கியது. இப்படி இடத்தை மாற்றி மாற்றி எடுத்ததில் கலன் 2.6 லிட்டரைக் காட்டியது.

அந்த 2.1-இல் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பில்டரையும் மாற்றிய பிறகு எஞ்சினுக்குள் 0.6 லிட்டர் பழைய ஆயில் மிஞ்சியிருக்கும். கையேட்டை நம்பி 3.1 லிட்டர் புது ஆயிலை ஊற்றினால் மொத்தம் 3.7 லிட்டர் ஆகும். அளவுக்கு மிஞ்சிய ஆயிலில் கிராங்க் தண்டு சுழலும்போது அடிபட்டு நுரை கிளம்பும். நுரைத்த ஆயில் பம்பில் அழுத்தம் பிடிக்காது. சீல்களில் கசிவு தொடங்கும். எஞ்சினில் எரிந்த ஆயில் புகைக்குழாய் வழியே போய், புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றியையும் பாழாக்கலாம். மேலிருந்து ஆயில் எடுக்கும் முறைக்கு வந்துசேர்ந்த கெட்ட பெயரில் பெரும்பங்கு, அளக்காமல் ஊற்றியதால் வந்ததே என்பது என் உறுதியான கருத்து.

பில்டரும் புது ஆயிலும்

ஆயில் எடுக்கச் சூடு தேவை. பில்டர் கழற்றக் குளிர்ச்சி தேவை. புகைபோக்கிக் குழாய் பக்கத்திலேயே இருந்ததால் எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தோம். பில்டருக்குக் கீழே பழைய துணியைத் திணித்து, ஒரு பால் கவரைக் கத்தரித்துச் சரிவாக ஏந்திவைத்ததால் சிந்தியது அதில் வழிந்து டப்பாவுக்குள் போனது. பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கைபேசி விளக்கைப் பிடித்துப் பார்ப்பதைத் தவிர்க்கக் கூடாது. இரட்டை வளையத்தோடு புது பில்டரை மாட்டினால் எஞ்சின் ஓடிய சில நொடிகளில் ஆயில் முழுவதும் வெளியே பீய்ச்சிவிடும். புது வளையத்தில் புது ஆயிலைத் தடவி, வளையம் தொட்ட பின் கையால் முக்கால் சுற்று இறுக்கினோம். ஸ்பேனரைப் பழைய பில்டரைக் கழற்ற மட்டுமே பயன்படுத்தினோம்.

பில்டரைக் கழற்றியதும் எஞ்சினின் உள்வழிகளில் நின்ற ஆயிலில் கொஞ்சம் சேம்பருக்கு இறங்கும். அதனால் புது பில்டரை மாட்டிய பின் மறுபடி ஒருமுறை குழாயை இறக்கினோம்; சுமார் 50 மில்லி கிடைத்தது. பழைய பில்டரைக் கவிழ்த்து இரவு முழுவதும் வடியவிட்டதில் கிடைத்தது ஏறத்தாழ 0.2 லிட்டர். ஆக மொத்தம் 2.85. எதிர்பார்த்த 2.9-க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, சுவர்களில் படலமாக ஒட்டியிருப்பதும் துணியில் போனதும் ஆகும்.

புது ஆயில் கையேடு சொன்ன 5டபிள்யூ-30, அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் வகுத்த ஏ.பி.ஐ. எஸ்.பி. தரம். அந்தத் தரம் 2020-இல் நடைமுறைக்கு வந்தது. பழைய தரம் கேட்கும் எஞ்சின்களுக்கும் அதைப் போடலாம். கடையில் 3.5 லிட்டர் கேனாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கேனைக் கவிழ்த்துவிடக் கூடாது. முதலில் 2.8 லிட்டர் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் விளக்கு அணைந்ததையும் பில்டரடியில் கசிவில்லை என்பதையும் பார்த்துவிட்டு நிறுத்தினோம். சில நிமிடங்கள் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்த்து, சிறிது சிறிதாகச் சேர்த்து, மேற்குறிக்குச் சற்றுக் கீழே நிறுத்தினோம். மொத்தம் ஊற்றியது 3 லிட்டர். மிச்சம் அரை லிட்டர், ஆசிரியரின் அலமாரியில் தேதி எழுதிய காகிதத்தோடு இருக்கிறது.

எதிர்ப்பாகச் சொல்லப்படுவது

சேம்பரின் அடியில் படிந்த கசடும் உலோகத் துகளும் கீழே திறந்தால்தான் வெளியேறும் என்ற வாதத்தை முழுவதும் தள்ளிவிட முடியாது. ஆனால் ஆயிலில் மிதக்கும் நுண்துகள்கள் எந்த வழியில் எடுத்தாலும் ஆயிலோடு வந்துவிடுகின்றன. பெரியவற்றைப் பில்டர் பிடித்துவைக்கிறது. அடியில் களிம்பாக உறைந்துபோனது நட்டைத் திறந்தாலும் தானாக வழிந்து வருவதில்லை. பல சேம்பர்களில் டிரெயின் துளையின் விளிம்பே அடிமட்டத்திலிருந்து சற்று உயர்ந்திருப்பதால், கீழே திறந்தாலும் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும். சரியான காலத்தில் ஆயில் மாற்றப்படும் எஞ்சினில் இது பெரிய வேறுபாட்டைத் தராது. குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் எஞ்சின் முழுச் சூட்டை எட்டாததால் ஈரமும் பெட்ரோலும் ஆயிலில் கலந்து தங்கிவிடும். ஆகவே கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடும்படி ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன்.

உண்மையான இழப்பு வேறு. வண்டியைத் தூக்கி நிறுத்தும்போது ஆக்சிலின் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையின் கிழிசல், பிரேக் குழாயின் துரு, சேம்பரில் கல் பட்ட வடு ஆகியவை கண்ணில் படும். மேலிருந்தே வேலையை முடிப்பவர் இதை இழக்கிறார். அவ்வப்போது ஒரு பணிமனையில் லிப்டில் ஏற்றிப் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

சில எஞ்சின்களில் டிப்ஸ்டிக் வழி சேம்பரின் உள்தடுப்புத் தகட்டில் முட்டி நின்றுவிடும். புதிய சில விலையுயர்ந்த கார்களில் டிப்ஸ்டிக்கே இல்லை. பில்டர் சேம்பரை ஒட்டிக் கீழ்ப்புறத்தில் மட்டும் எட்டும்படி இருந்தால், ஆயிலை மேலிருந்து எடுத்தும் பயனில்லை. பழைய பில்டரோடு புது ஆயிலை ஓட்டுவது பாதி வேலையே.

கழிவு ஆயில்

கலனில் இருந்த ஆயிலைக் காலிக் கேனில் ஊற்றி மூடிவைத்தோம். பக்கத்தில் வீடு கட்டும் மேஸ்திரி ஒருவர் ஷட்டரிங் பலகைக்குத் தடவக் கேட்டார். மரத்துக்குக் கரையான் அடிக்காமல் இருக்கப் பூசுபவர்களும் உண்டு. ஆசிரியர் கொடுக்கவில்லை, அது சரியே. ஓடித் தேய்ந்த ஆயிலில் உலோகத் துகளும் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பல்வளைய ஹைட்ரோகார்பன்களும் இருக்கின்றன. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறும் அதையொட்டிய நிலத்தடி நீரும் கெட்டுப்போனதை வைத்து இந்த மாவட்டத்து மக்கள் தொடுத்த வழக்கில்தான், 1996-இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டது. அந்த ஊரில் இருந்துகொண்டு மூன்று லிட்டர் கறுப்பு ஆயிலைச் சாக்கடையில் ஊற்ற மனம் வரக் கூடாது. 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயகரக் கழிவாகும். பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே அது போய்ச் சேர வேண்டும். அத்தகையவருக்கு மொத்தமாகக் கொடுக்கும் ஒரு பணிமனையை விசாரித்து, கேனையும் வடிந்த பில்டரையும் அங்கே ஒப்படைத்தோம்.

டிரெயின் நட்டை இந்த முறை யாரும் தொடவில்லை. அதனால் மரை மேலும் கெடவில்லை. ஆனால் குணமாகவும் இல்லை. போர்ட்டிகோவில் வண்டி நிற்கும் இடத்தில் ஒரு வெள்ளை அட்டையை விரித்துவைத்து, காலையில் கறை தெரிகிறதா என்று ஆசிரியர் பார்த்துவருகிறார். சொட்டத் தொடங்கினால், மரையைப் பெரிதாக வெட்டி உள்ளே எஃகுச் சுருள் பொருத்தும் வேலையை லிப்ட் உள்ள இடத்தில் தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு செய்துகொள்ள வேண்டும். அப்போது ஆயிலை எப்படியும் முழுதாக இறக்கியாக வேண்டியிருக்கும் என்பதால், அந்த வேலையை அடுத்த ஆயில் மாற்றத்தோடு சேர்த்துக்கொள்வது என்று முடிவுசெய்திருக்கிறோம்.